ஐடிலிங் சரியில்லையா? கார்புரேட்டரைத் திருகும் முன் வால்வைப் பாருங்கள்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் பகுதி உழவர் பலருக்குக் கீழே தென்னையும் காய்கறித் தோட்டமும், மேலே மலையில் ஏலத்தோட்டத் தொடர்பும் உண்டு. விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறும் ஜீப்புகளை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. அவற்றுடன், இரண்டாம் கையாக வாங்கிய மாருதி 800, ஆம்னி போன்ற பெட்ரோல் வண்டிகளும் பல வீடுகளில் இருக்கின்றன. உரமூட்டையும் காய் மூட்டையும் ஏற்றும் வண்டியும் அதுதான், போடி ஏல மையத்துக்கு ஏலக்காய் கொண்டுபோகும் வண்டியும் அதுதான்.

இவ்வகை வண்டிகளைப் பற்றி உழவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஓடும்போது நன்றாக ஓடுகிறது, நின்றால் அணைந்துவிடுகிறது" என்பதே அது. உடனே பட்டறையில் கார்புரேட்டரின் மிக்சர் திருகைத் திருகுகிறார்கள். இரண்டு நாள் சரியாக இருக்கும். மீண்டும் அதே கதை. பிறகு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது, ஜெட் மாற்றுவது, முடிவில் கார்புரேட்டரையே மாற்றுவது என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பல வேளைகளில் குறை கார்புரேட்டரில் இருப்பதே இல்லை. புகையைக் கட்டுப்படுத்துவதற்காக எஞ்சினில் பொருத்தப்பட்ட சிறு வால்வு ஒன்றிலோ, அதற்குப் போகும் ரப்பர் ஹோஸிலோதான் குறை இருக்கும்.

ஐடிலிங் என்பது என்ன?

வண்டி நிற்கும்போது, ஆக்சிலேட்டரில் கால் வைக்காத நிலையில், எஞ்சின் தன்னளவில் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதையே ஐடிலிங் என்கிறோம். இந்நிலையில் காற்று போகும் வழியிலுள்ள திராட்டில் தகடு ஏறக்குறைய முழுவதும் மூடியிருக்கும். எஞ்சினோ காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே தகட்டுக்குப் பின்னால், உட்கொள் குழாயினுள், கடும் உறிஞ்சல் உண்டாகிறது. இதை மெக்கானிக்குகள் வேக்குவம் என்பார்கள். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில், கடல் மட்டத்தில், இது பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும்.

பெட்ரோல் நன்கு எரிய வேண்டுமானால், எடைக்கு எடை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறத்தாழ 11 கிலோ காற்று, அதாவது 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. காற்று குறைந்தால் கலவை செறிந்துவிடும். இதை 'ரிச்' என்பார்கள். கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும், பெட்ரோல் வீணாகும். காற்று மிகுந்தால் கலவை மெலிந்துவிடும். இது 'லீன்'. எஞ்சின் நடுங்கும், துள்ளும், சூடேறும், நின்றால் அணையும்.

வண்டி வேகமாக ஓடும்போது உள்ளே போகும் காற்றின் அளவு மிக அதிகம். அப்போது ஒரு சிறு துளை வழியே கொஞ்சம் காற்று கூடுதலாகப் புகுந்தாலும் தெரியாது. ஐடிலிங்கில் போகும் காற்றே மிகக் குறைவு. அதே சிறு துளை அப்போது பெரிய கோளாறாகிவிடும். ஓடும்போது நன்றாக ஓடி, நின்றால் அணைவதற்குக் காரணம் இதுதான்.

கிணற்றுப் பம்புசெட் வைத்திருப்போருக்கு இது எளிதில் விளங்கும். சக்ஷன் பைப்பின் இணைப்பில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் பம்பு காற்றை இழுத்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிடும். கசிவை அடைக்காமல் மோட்டாரை மாற்றிப் பயனில்லை.

இலையில் தொடங்கிய கதை

இந்த வால்வுகள் வந்த வரலாற்றில் வேளாண்மைக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றிய தோட்டங்களில், 1940-களில், கீரை வகைகளின் இலைகள் வெள்ளி நிறமாகவும் செம்பு நிறமாகவும் மாறிக் கெட்டன. பூச்சியும் இல்லை, பூஞ்சாணமும் இல்லை. நகரின் மேல் படிந்த புகைமூட்டமே காரணம் என்று தெரிந்தது. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆய்வு செய்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் இதில் இறங்கினார். கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் எரியாத எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோன் முதலிய நச்சுப் பொருள்களாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். அதன் பின்னரே கார்களில் ஒவ்வொரு வால்வாக வந்து சேர்ந்தது. கலிபோர்னியாவில் 1961-ஆம் ஆண்டுப் புதுக் கார்களில் முதலாவதாகப் பொருத்தப்பட்டது நாம் கீழே பார்க்கப்போகும் பி.சி.வி. வால்வுதான்.

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஐடிலிங் புகைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் படிப்படியாகப் பாரத் நிலை விதிகள் வந்தன. நாடு முழுவதற்கும் நான்காம் நிலை 2017 ஏப்ரலிலும், ஆறாம் நிலை 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன.

பி.சி.வி. வால்வு

எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாகக் கசிந்து, ஆயில் இருக்கும் கிராங்க் அறைக்குள் இறங்கும். அதில் எரியாத பெட்ரோல் ஆவியும் நீராவியும் கலந்திருக்கும். முற்கால வண்டிகளில் இது ஒரு குழாய் வழியே தெருவில் விடப்பட்டது. இப்போது அதை உட்கொள் குழாய்க்கே திருப்பி அனுப்பி எரிக்கிறார்கள். அந்த வழியில் காவலாக இருப்பதே பி.சி.வி. வால்வு. விரல் நீளத்துக்கும் குறைவான உருளை. உள்ளே ஒரு முளையும் ஒரு ஸ்பிரிங்கும், அவ்வளவுதான்.

போர்க்கால வில்லீஸ் ஜீப்பிலேயே இதற்கு முன்னோடியான வால்வு இருந்தது. அது புகைக்காக அல்ல. ஆற்றில் இறங்கும் வண்டியின் எஞ்சினுக்குள் திறந்த குழாய் வழியே தண்ணீர் புகாமலிருக்கவே மூடிய அமைப்பாகச் செய்தார்கள்.

ஐடிலிங்கில் உறிஞ்சல் மிகுதி. அது முளையை இழுத்து வழியைக் குறுக்கிவிடும். ஆகவே அளவான வாயுவே உள்ளே போகும். ஆக்சிலேட்டரை மிதித்து ஓட்டும்போது உறிஞ்சல் குறையும், ஸ்பிரிங் முளையைத் தள்ளும், வழி அகலும். எஞ்சின் பின்வாங்கி வெடித்தால் முளை முழுவதும் மூடிக்கொண்டு, தீ கிராங்க் அறைக்குள் போகாமல் தடுக்கும்.

இந்த வால்வு வழியாகப் போகும் காற்றையும் கணக்கில் சேர்த்தே கார்புரேட்டரின் ஐடில் ஜெட்டை அமைத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. வால்வில் பிசின் படிந்து அடைத்துக்கொண்டால் அந்தக் காற்று வராது. கலவை செறிந்து ஐடிலிங் இறங்கும். கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, ஆயில் கேஜ் குச்சியின் துளை, டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் சீல் ஆகியவற்றின் வழியே ஆயில் கசியும். அந்த ஆயில் கசிவைக் கண்டு எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றியவர்களும் உண்டு! வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் நேர்மாறாக நடக்கும். காற்று மிகுந்து கலவை மெலியும். சில வண்டிகளில் ஐடிலிங் ஏறி இரையும். சிலவற்றில் நடுங்கி அணையும். ஆயிலும் இழுக்கப்பட்டு நீலப்புகை வரும்.

சோதிக்கும் முறை எளிது. எஞ்சின் ஓடும்போது வால்வை டேப்பட் கவரிலிருந்து பிடுங்கி, அதன் வாயை விரலால் அடைக்கவும். விரலில் இழுப்பு தெரிய வேண்டும். எஞ்சின் வேகமும் சற்றே இறங்க வேண்டும். இழுப்பே இல்லையென்றால் வால்வோ ஹோஸோ அடைத்திருக்கிறது. வேகம் மிகவும் இறங்கினால் வால்வு அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தி வால்வைக் காதருகே வைத்து ஆட்டினால் 'கடகட' என்று முளை ஆடும் ஓசை கேட்க வேண்டும். ஓசை இல்லாத வால்வை மாற்றிவிடுவதே நல்லது. அதன் விலை மிகக் குறைவு. சில வண்டிகளில் முளை வைத்த வால்வுக்குப் பதில் சிறு துளையுள்ள இணைப்பு மட்டும் இருக்கும். அதில் ஆட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை; துளை அடைப்பின்றி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வால்வு வாங்கும்போது அந்த எஞ்சினுக்கு உரியதையே கேட்டு வாங்க வேண்டும். வெளியில் ஒன்றுபோல் தெரியும் வால்வுகளின் உள் துளையும் ஸ்பிரிங்கும் வேறு வேறாக இருக்கும். ஹோஸை போல்ட் வைத்து அடைத்துவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அன்றைக்கு ஐடிலிங் நின்றுவிடும். ஆனால் நீராவியும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கி, சில மாதங்களில் ஆயில் சேறுபோல் ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்கவும். குளிர்காலத்தில் சோக் போட்டு, வீட்டிலிருந்து தோட்டத்துக்கும் தோட்டத்திலிருந்து கடைக்கும் குறுந்தொலைவே ஓடும் வண்டியில், பெட்ரோல் ஆயிலில் கலந்துவிடும். எஞ்சின் சூடானதும் அது ஆவியாகிப் பி.சி.வி. வழியே திரும்பி வந்து கலவையைச் செறிவாக்கும். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலை மாற்றிய பிறகே மிக்சரைச் சரிசெய்ய வேண்டும்.

கரி டப்பாவும் பர்ஜ் வால்வும்

பெட்ரோல் டேங்கிலிருந்து எழும் ஆவியை வெளியே விடாமல், கரித்தூள் நிரப்பிய டப்பா ஒன்றில் பிடித்து வைக்கிறார்கள். எஞ்சின் சூடாகி ஓடும்போது, பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை எஞ்சினுக்குள் அனுப்பும். குளிர்ந்த எஞ்சினில் இது மூடியிருக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில் ஐடிலிங்கிலும் பொதுவாக மூடியே இருக்கும். மூடாமல் சிக்கிக்கொண்டால் ஆவி அளவின்றி உள்ளே போகும். பெட்ரோல் போட்ட பிறகு ஸ்டார்ட் ஆக மறுப்பது இதன் தனி அடையாளம்.

கீழே வெயிலில் நிறைத்த டேங்குடன் மலை ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் ஆவி மேலும் கிளம்பும். ஆகவே பங்கில் நாசில் தானே நின்ற பிறகும் கழுத்து வரை பெட்ரோல் நிரப்பக் கூடாது. வழிந்த பெட்ரோல் கரி டப்பாவுக்குள் இறங்கினால் டப்பா கெட்டுவிடும்.

ஈ.ஜி.ஆர். வால்வு

எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பி, எரியும் சூட்டைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது இதன் வேலை. பெட்ரோல் எஞ்சினில் ஐடிலிங்கின்போது இது மூடியிருக்க வேண்டும். கரி படிந்து மூடாமற்போனால், ஐடிலிங்கில் எரிந்த புகையே உள்ளே நிறைந்து எஞ்சின் திணறும். இங்கே காற்றும் மிகவில்லை, பெட்ரோலும் குறையவில்லை. இரண்டும் நிற்க வேண்டிய இடத்தைச் செத்த வாயு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே மிக்சர் திருகை எந்தப் பக்கம் திருகினாலும் பயன் தெரியாது. வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டி எடுப்பதே வழி.

டீசல் ஜீப்பு வைத்திருப்போர் இதைக் கவனமாகப் படிக்கவும். பழைய டீசல் ஜீப்புகளில் திராட்டில் தகடும் இல்லை, மிக்சர் திருகும் இல்லை. டீசல் பம்பின் கவர்னரே ஐடிலிங்கைக் காக்கிறது. ஆனால் பிற்கால டீசல் வண்டிகளில் ஈ.ஜி.ஆர். வந்துவிட்டது. டீசல் கரியும், பிரீத்தர் வழியே வரும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து தார்போல் படிந்து வால்வைத் திறந்தபடி நிறுத்திவிடும். மலை ஏற்றத்தில் வண்டி முக்கும், கரும்புகை தள்ளும். சிலர் தகடு வெட்டி வைத்து வழியை அடைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளில் இது எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யும். எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடவும் கூடும். புகை விதிக்கும் இது முரண். சுத்தம் செய்ய ஆகும் கூலியைவிடத் தகடு மலிவு என்பது உண்மைதான். ஆனாலும் அதை நாம் பரிந்துரைப்பதற்கில்லை.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள்

மாருதி 800-இல் 2000-ஆம் ஆண்டு முதல் கார்புரேட்டருக்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தது. இதில் திருகுவதற்கு மிக்சர் திருகு இல்லை. சைலன்சர் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். ஹோஸில் கசிவு இருந்தால், கசியும் காற்றுக்கேற்ப அது பெட்ரோலையும் கூட்டிவிடும். அதனால் அணைவதற்குப் பதில் ஐடிலிங் ஏறி நிற்கும், அல்லது ஏறி இறங்கி ஊசலாடும். ஐடில் காற்று வால்வில் கரி படிந்தாலும் இதே அறிகுறிதான். கசிவைத் தேடாமல் சென்சார்களை மாற்றுவது பணத்தை வீணாக்குவதாகும்.

கசிவைக் கண்டுபிடித்தல்

போடி வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ரப்பர் ஹோஸ்கள் சில ஆண்டுகளில் விறைத்து, முனையில் வெடித்துவிடும். கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடிப்பதும் உண்டு. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸையும் குறட்டால் மெதுவாக நெருக்கிப் பார்க்கவும். எந்த ஹோஸை நெருக்கும்போது ஐடிலிங் சீராகிறதோ அந்த வழியில்தான் குறை. இணைப்புகளில் சோப்பு நீரைத் துளித்துளியாக விட்டால், கசியும் இடத்தில் அது உள்ளே இழுக்கப்படும். சுருள், டிஸ்டிரிபியூட்டர் மேல் தண்ணீர் படக்கூடாது. கசிவு பார்க்கப் பெட்ரோலைத் தெளிக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். சூடான மேனிபோல்டில் பட்டால் வண்டி தீப்பற்றும்.

சில கார்புரேட்டர்களில் ஐடில் பெட்ரோலை அடைத்துத் திறக்கும் சோலினாய்டு வால்வு இருக்கும். அதன் ஒயர் கழன்றாலே ஐடிலிங் இராது. சாவியைத் திருப்பும்போது அதிலிருந்து 'டிக்' என்ற ஓசை வருகிறதா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

இவையெல்லாம் சரி, ஏர் பில்டரும் பிளக்கும் சுத்தம், டைமிங் சரி, எஞ்சின் நன்கு சூடாகிச் சோக் முழுவதும் திறந்திருக்கிறது என்று உறுதியான பிறகே திருகில் கை வைக்க வேண்டும். வேகத் திருகால் வண்டிப் புத்தகத்தில் சொன்ன வேகத்துக்குக் கொண்டுவந்து, மிக்சர் திருகை மெதுவாகத் திருகி, எஞ்சின் மிகச் சீராக ஓடும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து மெலிந்த பக்கமாக மிகச் சிறிதே நகர்த்தி நிறுத்தலாம். திருகை இறுக்கி அடியில் அழுத்தினால் ஊசிமுனை கெட்டுவிடும்.

இறக்கத்தில் அணைந்தால்

மலைச்சாலையில் இக்குறை வெறும் தொல்லை அன்று, ஆபத்து. பிரேக் பூஸ்டர் உள்ள பெட்ரோல் வண்டிகளில் பூஸ்டருக்கு உதவுவது உட்கொள் குழாயின் உறிஞ்சலே. போடிமெட்டு இறக்கத்துக் கொண்டையூசி வளைவில் காலை எடுத்ததும் எஞ்சின் அணைந்தால், பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் உறிஞ்சல் ஓரிரு மிதிக்கே வரும். பிறகு மிதி கல்லாகிவிடும். மூட்டையும் ஆட்களும் ஏற்றிய வண்டியில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு இறங்குவோர் இதை முக்கியமாக நினைக்க வேண்டும். கியரில் இருந்தால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் ஐடிலிங்கை மட்டுமே நம்பியிருக்கிறீர்கள். பூஸ்டர் ஹோஸில் கசிவு இருந்தாலும் ஐடிலிங் கெடும் என்பதால், மேலே சொன்ன சோதனையில் அந்த ஹோஸை விட்டுவிடக் கூடாது.

செறிந்த கலவையில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. இதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மேலே பனிக்காலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டபடி வண்டிக்குள் தூங்குவதும், மூடிய கொட்டகையில் ஐடிலிங் பார்ப்பதும் உயிரைப் போக்கும்.

கீழே சரிசெய்வதா, மேலே சரிசெய்வதா?

போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. ஆகவே கீழே சரியாக இருந்த கலவை மேலே சற்றுச் செறிவாகும், ஐடிலிங்கும் சற்று இறங்கும். வேக்குவம் கேஜிலும், 1,000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் வீதம், கீழே காட்டியதைவிட மூன்று அங்குலத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ பட்டறையில் கேஜ் வைத்துப் பார்ப்பவர் இதைக் கசிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாரம் ஒருமுறை ஏறி இறங்கும் வண்டியைக் கீழேயே சரிசெய்து, மேலே கை வைக்காமல் விடுவது நல்லது. மேலே மெலிய வைத்தால், கீழே வந்ததும் மேலும் மெலிந்து எஞ்சின் சூடேறி அணையும். மலையிலேயே தங்கி ஓடும் வண்டியை மேலே சரிசெய்யலாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்கு இக்கவலை இல்லை.

புகைச் சான்றுக்குப் போகும்போது, ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு, பாரத் நிலைகளுக்கு முந்திய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்கு 3 சதவீதத்துக்குள்ளும், இரண்டாம், மூன்றாம் நிலை வண்டிகளுக்கு 0.5 சதவீதத்துக்குள்ளும், நான்காம் நிலை வண்டிகளுக்கு 0.3 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். சான்று தருபவரிடம் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், அதில் அச்சிட்டுள்ள அளவையும் படித்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்த எண் ஏறியிருந்தால், மெக்கானிக்கிடம் முதலில் பி.சி.வி. வால்வையும் ஹோஸ்களையும் பார்க்கச் சொல்லலாம்.